எட்டு மேலாளர்களும் ஒரு தொழிலாளியும்

மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்களிடையே அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. நிரல் எழுதுவோர் ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள ஒரு குழுவுக்கு புராஜெக்ட் மேனேஜர், ஸ்க்ரம் மாஸ்டர், புராடக்ட் ஓனர், டெலிவரி மேனேஜர் என்று இத்தனை பதவிகள் எதற்கு என்பதுதான் அது. பொருளியல் படித்துவிட்டு அத்துறைக்குப் போன என் பழைய மாணவர்கள் சிலரும் என்னிடம் இதைக் கேட்டதுண்டு. நிரல் எழுதுபவர் எரிச்சலுடன் கேட்கிறார். அந்தப் பதவிகளில் இருப்பவர் அச்சத்துடன் கேட்கிறார். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி, இத்தகைய பணிப்பிரிவு ஒன்றை அடியோடு நீக்கி 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்களை ஒழித்தது. அதன் பிறகு அந்த அச்சத்தை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது.

கணினி பிறப்பதற்கு முன்பே எழுந்துவிட்ட கேள்வி இது. வேலை செய்பவர் ஒருவர், அந்த வேலையைத் திட்டமிடுபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டை ஒரு கோட்பாடாகவே வகுத்தளித்த மனிதர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். மேலாண்மை பயிலும் எந்த மாணவரும் முதல் பருவத்திலேயே அவரது பெயரைக் கேள்விப்பட்டுவிடுகிறார். அறிவியல்சார் மேலாண்மையின் தந்தை என்ற பட்டத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. வாழ்க்கையை யாரும் சொல்வதில்லை. நம் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த வாழ்க்கையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

டெய்லர் 1856 மார்ச் 20 அன்று பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுனில் வசதியான குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டவர். மகனும் வழக்கறிஞராவான் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. 1874-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தேறினார். ஆனால், கண் பார்வைக் கோளாறும் தலைவலியும் படிப்பைத் தடுத்தன. இளம் டெய்லர் பிலடெல்பியாவில் பம்பு தயாரிக்கும் ஒரு சிறு பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். வார்ப்பு மாதிரி செய்வதையும் இயந்திர வேலையையும் அங்கே கற்றார். ஹார்வர்டுக்குப் போக வேண்டிய செல்வர் வீட்டுப் பிள்ளை எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு வீடு திரும்பிய அந்த ஆண்டுகளை, பிற்காலத்தில் தம் வாழ்வின் மிக முக்கியமான பயிற்சியாக அவர் கருதினார்.

பயிற்சி முடித்து, 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். கணக்கெழுதுபவர், லேத் இயக்குபவர், குழுத் தலைவர், ஃபோர்மேன் எனப் படிப்படியாக உயர்ந்து தலைமைப் பொறியாளர் ஆனார். ஆலையின் உரிமையாளர் வட்டத்தோடு குடும்பத்துக்கு இருந்த நெருக்கம் இந்த உயர்வுக்கு உதவியது என்பதை மறைப்பதற்கில்லை. வேலை பார்த்தபடியே ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1883-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். இடையே 1881-இல், அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டி முதன்முறையாக நடந்தபோது, கிளாரன்ஸ் கிளார்க்குடன் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். கரண்டி போல் வளைந்த ஒரு டென்னிஸ் மட்டையை வடிவமைத்து அதற்குக் காப்புரிமை பெற்றதும் இதே மனிதர்தான். எதையும் உள்ளபடி விட்டுவைக்காத குணம் அது.

லேத் குழுவின் தலைவரானபோது அவருக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. தொழிலாளர்கள் தங்களால் முடிந்ததில் மூன்றில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்கிறார்கள் என்பதே அது. அவரும் அவர்களில் ஒருவராக இருந்தவர்தானே! சோம்பலைவிட, கூலி நிர்ணய முறைதான் அதற்குக் காரணம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி முறையில் ஒருவர் கூடுதலாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால், நிர்வாகம் உடனே உருப்படிக் கூலியைக் குறைத்துவிடும். ஆகவே எல்லோரும் கூடிப் பேசி உற்பத்தியை ஓர் அளவிலேயே நிறுத்தி வைத்திருந்தனர். பொருளியல் பார்வையில் இது முற்றிலும் பகுத்தறிவுக்கு உகந்த நடத்தை. இதை உடைக்க டெய்லர் மூன்று ஆண்டுகள் போராடினார். உற்பத்தி உயர்ந்தது, நேற்றைய நண்பர்கள் பகைவராயினர்.

அந்தப் போராட்டத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்தான் பின்னாளைய எல்லாவற்றுக்கும் விதை. ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. தெரிந்தால் சண்டை ஓய்ந்துவிடும் என்று அவர் நம்பினார். உலோகத்தை எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வடிவக் கருவியால் வெட்டினால் நல்லது என்று 1880-களின் தொடக்கத்தில் ஆராயத் தொடங்கினார். அது 26 ஆண்டுகள் நீண்டது. 30,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. ஏறத்தாழ 8 லட்சம் பவுண்டு எஃகும் இரும்பும் சுருள் சுருளாகச் சீவித் தள்ளப்பட்டன. பன்னிரண்டு காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கும் அந்தக் கணக்கை எந்தக் கைத்திறனாலும் மனத்தில் போட முடியாது. அவரோடு பணியாற்றிய கார்ல் பார்த் அதற்கென்றே ஒரு ஸ்லைடு ரூலை உருவாக்கிய பிறகுதான் பட்டறையில் அதைப் பயன்படுத்த முடிந்தது. வேலை செய்பவருக்கு எட்டாத ஓர் அறிவு இங்கே உண்மையாகவே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை எடுத்துவந்து அவர் கையில் தருபவர் வீணான பதவிக்காரர் அல்லர்.

1898-இல் பெத்லஹேம் எஃகு நிறுவனம் அவரை அழைத்தது. அங்கே மான்செல் ஒயிட் என்பவருடன் சேர்ந்து, செந்நிறமாகக் காய்ந்த நிலையிலும் மழுங்காமல் வெட்டும் எஃகை உருவாக்கினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்ட ஐரோப்பியப் பொறியாளர்கள் வியந்தனர். உலகெங்கும் லேத் பட்டறைகளின் வேகம் பெருகியதற்கு அந்த எஃகு ஒரு முதன்மைக் காரணம். ஆனால், மக்கள் நினைவில் நின்றது எஃகு அன்று. இரும்புக் கட்டி சுமந்த கதைதான்.

92 பவுண்டு எடையுள்ள இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வண்டியில் ஏற்றுவது அந்த வேலை. ஓர் ஆள் நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றி வந்தார். எப்போது தூக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று அருகில் நின்று ஒருவர் சொல்லச் சொல்ல, அதே தொழிலாளி 47.5 டன் ஏற்றினார் என்று டெய்லர் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. உற்பத்தி ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி உயர்வோ 60 விழுக்காடு. மீதி யாருக்குப் போனது என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தக் கதையில் டெய்லர் ஏற்றிச் சொன்ன பகுதிகள் பல உண்டு என்பதைப் பிற்கால வரலாற்றாய்வாளர்கள் ஆவணங்களைக் கொண்டு காட்டியுள்ளனர். கட்டி சுமக்கத் தகுந்தவனை எருதுக்கு ஒப்பிட்டு அவர் எழுதிய வரிகளை எந்த ஆவணத்தாலும் மன்னிக்க முடியாது.

அதே பெத்லஹேமில் நடந்த மண்வாரிக் கணக்கு அவ்வளவு புகழ் பெறவில்லை; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டு மைல் நீளமுள்ள திடலில் 400 முதல் 600 பேர் தாதுவையும் நிலக்கரியையும் சாம்பலையும் வாரிக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவரும் தம் சொந்த மண்வாரியையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினர். ஒரு முறை வாரும்போது பொடிக்கரி என்றால் நான்கு பவுண்டுகூட வராது. கனமான தாது என்றால் 38 பவுண்டு. ஒருவாரலுக்கு 21 பவுண்டு இருந்தால் நாள் முழுவதும் அதிகம் வாரலாம் என்று சோதனையில் தெரிந்தது. கனமான பொருளுக்குச் சிறிய மண்வாரி, இலேசான பொருளுக்குப் பெரிய மண்வாரி என்று பல அளவுகளில் நிறுவனமே செய்து வைத்தது. நாளை யார் எங்கே எதை வார வேண்டும் என்று முதல் நாளே வரைந்து வைக்க ஓர் அலுவலகமும் அமைந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் அதே வேலையை 140 பேர் செய்தனர். ஒரு டன்னுக்கான செலவு 7.2 சென்டிலிருந்து 3.3 சென்டாகக் குறைந்தது.

அந்த 3.3 சென்டில் புதிய அலுவலகம், கருவி அறை, எழுத்தர்கள், மேற்பார்வையாளர்கள் அனைவரின் செலவையும் டெய்லர் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார். இத்தனை பேர் எதற்கு என்ற கேள்வி தம்மை நோக்கி வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இடைநிலைப் பதவிகளின் ஊதியத்தை அவற்றால் விளையும் பயனோடு ஒரே தாளில் எழுதிக் காட்டும் இந்த நேர்மையை இன்றைய நிறுவனங்கள் எத்தனையிடம் காண முடியும்? குழுவின் வேகம் இவ்வளவு உயர்ந்தது என்று வண்ண வண்ண வரைபடங்கள் வருகின்றன. வரைபடம் போடுபவரின் சம்பளம் அதில் இருப்பதில்லை.

பெத்லஹேம் நிர்வாகத்துடன் மோதல் முற்றி 1901-இல் அவர் வெளியேற்றப்பட்டார். அதற்குள் போதிய செல்வம் சேர்ந்திருந்தது. பிலடெல்பியாவுக்குத் திரும்பி, தம் கொள்கையைப் பரப்புவதையே பணியாகக் கொண்டார். 1903-இல் வெளியிட்ட பட்டறை மேலாண்மை பற்றிய நூலில்தான் அவரது புகழ்பெற்ற எட்டு மேலாளர் திட்டம் இடம்பெற்றது.

பழைய ஃபோர்மேன் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருந்தது. அத்தனை திறமையும் உள்ள மனிதர் கிடைப்பதில்லை. ஆகவே அவரது வேலையை எட்டாகப் பிரித்துவிடலாம் என்பது அவரது வாதம். திட்ட அறையில் நால்வர் இருப்பார்கள். வேலையின் வரிசையைக் குறிப்பவர் ஒருவர், செய்முறை அட்டை எழுதுபவர் ஒருவர், நேரத்தையும் செலவையும் பதிபவர் ஒருவர், ஒழுங்கைக் கவனிப்பவர் ஒருவர். பட்டறைத் தளத்தில் வேறு நால்வர். பொருளையும் கருவியையும் ஆயத்தம் செய்து தருபவர், வேகத்தைப் பார்ப்பவர், தரத்தைச் சோதிப்பவர், இயந்திரப் பராமரிப்பைக் கவனிப்பவர். தொழிலாளி ஒருவர் இந்த எட்டுப் பேரிடமிருந்தும் அவரவர் துறையில் ஆணை பெறுவார். நன்றாக நடக்கும் ஆலையில் மூன்று தொழிலாளருக்கு நிர்வாகத் தரப்பில் ஒருவராவது இருப்பார் என்று பின்னர் அவர் நாடாளுமன்றக் குழுவிடமே கூறினார்.

இந்தப் பட்டியலை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் மாணவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதவிப் பெயரை எழுதிக்கொண்டே போனார். வரிசையைக் குறிப்பவர் புராஜெக்ட் மேனேஜர், செய்முறை அட்டை எழுதுபவர் பிசினஸ் அனலிஸ்ட், தரம் பார்ப்பவர் டெஸ்டர், பராமரிப்பவர் டெவ்ஆப்ஸ். நேரப் பதிவு மட்டும் அவரவர் தலையிலேயே விழுந்துவிட்டது என்றார். ஒப்புமை முழுதும் பொருந்தாது என்றாலும், உறவு தெளிவாகத் தெரிகிறது.

எட்டு மேலாளர் திட்டத்தை முழு வடிவில் ஏற்ற ஆலைகள் மிகச் சிலவே. பிரெஞ்சுச் சுரங்க நிறுவனமொன்றை நடத்திய ஹென்றி ஃபயோல் 1916-இல் எழுதிய நூலில், ஒரு பணியாளருக்கு ஆணையிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டு இதை மறுத்தார். எட்டுப் பேரின் ஆணைகள் முரண்பட்டால் யார் தீர்ப்பது? தீர்க்க ஒன்பதாமவர் வேண்டும். அவர்களுக்கிடையே செய்தி கொண்டுபோகப் பத்தாமவர். ஐந்து பேர் தமக்குள் பேச வேண்டிய இணைகள் 10. பத்துப் பேரானால் அது 45. பேச்சைக் குறைப்பதற்கென்று சேர்த்த ஆளே பேச்சைப் பெருக்கிவிடும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

நிரல் எழுதும் தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புக் கட்டியைத் தூக்குவதிலிருந்து எண்ணுவதைப் பிரித்து எடுக்கலாம். நிரலிலிருந்து எண்ணத்தைப் பிரித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. நிரல்தான் திட்டம், செய்து முடிக்கும் உழைப்பை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் கூடிய 17 மென்பொருளாளர்கள் அஜைல் என்ற பெயரில் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். அதன் உள்ளுறை, டெய்லர் பிரித்ததை மீண்டும் சேர்ப்பதே. ஏற்கெனவே உருவாகியிருந்த ஸ்க்ரம் முறை, குழுவின் தடைகளை நீக்க ஒருவரையும், எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க ஒருவரையும் மட்டுமே கேட்டது. பெரும் நிறுவனங்கள் பலவற்றில் நடந்ததோ வேறு. பழைய பதவிகள் அப்படியே இருக்க, புதியவை அவற்றின் மேல் அடுக்கப்பட்டன. சான்றிதழ் வகுப்பு ஒன்றை முடித்த, நிரலே எழுதியறியாத ஒருவர், காலைக் கூட்டத்தில் நேற்று என்ன செய்தாய் என்று கேட்டு எழுதிக்கொள்வதே வேலை என்றானது.

அதற்காக எல்லாப் பதவிகளையும் துடைத்தெறிவது தீர்வாகாது. கூகுள் நிறுவனம் 2002 வாக்கில் பொறியாளர்களுக்கு மேலாளரே இல்லாத ஏற்பாட்டைச் சோதித்தது. சில மாதங்களில் கைவிட்டது. செலவுச் சீட்டுக்கு ஒப்புதல், இருவருக்கிடையே பிணக்கு என்று சில்லறை விவகாரங்கள்கூட நேராக நிறுவனர் அறைக் கதவைத் தட்டின. பின்னர் அந்நிறுவனமே ஆராய்ந்தபோது, நல்ல மேலாளர் உள்ள குழுக்கள் சிறப்பாக இயங்குவதைக் கண்டது. மண்வாரியை அளவுக்கேற்பச் செய்து வைப்பவர் வேண்டும். பக்கத்தில் நின்று தூக்கு, இறக்கு என்பவர் வேண்டாம். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே பதவியாக்கி வைத்திருப்பதால்தான், ஆட்குறைப்பு வரும்போது இருவரும் சேர்ந்தே போகிறார்கள். கேப்பிட்டல் ஒன்னில் வேலையிழந்த 1,100-க்கும் மேற்பட்டோரில் முதல் வகையினர் ஒருவர்கூட இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

டெய்லரின் கடைசி ஆண்டுகளுக்கு வருகிறேன். 1906-இல் அவர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். 1910-இல் ரயில் நிறுவனங்கள் கட்டண உயர்வு கோரியபோது, எதிர்த்து வாதாடிய லூயி பிராண்டைஸ், அறிவியல்சார் மேலாண்மையைக் கைக்கொண்டால் உயர்வே தேவையில்லை என்றார். ஒரே வாரத்தில் டெய்லரின் பெயர் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு அவரது முதன்மை நூல் வெளிவந்தது. அதே 1911 ஆகஸ்டில், பாஸ்டனை அடுத்த வாட்டர்டவுனில் இருந்த அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினர்.

அந்த வேலைநிறுத்தத்தின் காரணம் நம் கேள்வியோடு நேராகத் தொடர்புடையது. ஸ்டாப் வாட்சுடன் ஒருவர் வார்ப்படப் பிரிவுக்கு வந்தார். இயந்திரப் பட்டறையில் நேரம் அளந்து பழகியவர் அவர். வார்ப்பு வேலை அவருக்குத் தெரியாது. மணல் அச்சு செய்வதற்கு அவர் குறித்த நேரத்தைத் தொழிலாளர்கள் ஏளனமாகவே பார்த்தனர். மறுநாள் ஒருவர் தம்மை அளக்க விடமாட்டேன் என்று மறுத்தார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதும் மற்றவர்களும் கிளம்பிவிட்டனர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்பினர் என்றாலும் செய்தி வாஷிங்டன் வரை போய்விட்டது. தம் முறையை அவசரமாகவும் தவறாகவும் புகுத்திவிட்டார்கள் என்று டெய்லர் வருந்தினார். லேத்தின் முன் ஆண்டுக்கணக்கில் நின்ற பிறகே லேத் தொழிலாளிக்கு ஆணையிட்டவர் அவர். தம் முறையைக் கையிலேந்திய அடுத்த தலைமுறைக்குக் கடிகாரத்தை மட்டும் கொடுத்துவிடலாம், அந்த ஆண்டுகளைக் கொடுக்க வேண்டியதில்லை என்று எப்படி நினைத்தார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 1912 ஜனவரியில் டெய்லர் அதன் முன் சாட்சியம் அளித்தார். நிர்வாகமும் தொழிலாளரும் பங்குச் சண்டையை விட்டுவிட்டு விளைச்சலைப் பெருக்குவதே தம் கொள்கையின் உயிர் என்று விளக்கினார். தொழிற்சங்கத்தார் துளைத்துக் கேட்ட கேள்விகளில் அவர் நிதானமிழந்தார். அதன் பிறகு உடல்நலமும் குன்றியது, மனைவியும் நோயுற்றிருந்தார். 1915 மார்ச் 21 அன்று, தம் 59-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், நிமோனியாவால் இறந்தார்.

அந்த ஆண்டிலேயே, அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்சைக் கொண்டு தொழிலாளியை அளப்பதற்கும், அதனடிப்படையில் ஊக்கத்தொகை தருவதற்கும் நிதி ஒதுக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் தடை விதித்தது. 1940-களின் இறுதி வரை அந்தத் தடை நீடித்தது. டெய்லரின் ஆட்கள் வாட்டர்டவுனில் செய்த மற்ற மாற்றங்களை அது தொடவில்லை. கருவிகளைத் தீட்டி ஒழுங்காக அடுக்கி வைத்த அறை, வேலை தொடங்குமுன்பே பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு, வேலைகளின் வரிசையைக் குறிக்கும் திட்ட அறை ஆகியவை தொடர்ந்து இயங்கின.